ஐமிச்சமா, உதைக்குதா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு 'சந்தேகம்' பள்ளிக்கூடத்துச் சொல். எங்கள் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பாட்டிக்கு வந்ததெல்லாம் ஐமிச்சம்தான். அவர் நாமக்கல் பக்கம். எதிர் லயத்து வட ஆற்காட்டு ஆயாவுக்கோ சமுசயம். 1938இல் இந்திய அரசு தடை போடும் வரை கங்காணிகள் ஊர் ஊராக ஆள் சேர்த்தார்கள், பேச்சும் கூடவே கப்பலேறிவிட்டது.

ஐமிச்சம் ஆள் மேல் வருவது. பக்கத்து வீட்டிலிருந்து காரணமில்லாமல் கோழிக்கறி வந்தால், "ஐமிச்சமா இருக்குடி, சோழியன் குடுமி சும்மா ஆடுமா?" என்பார் பாட்டி. (கறியைத் திருப்பி அனுப்பியதாக எனக்கு நினைவில்லை.)

கணக்கு மேல் வருவதற்கு வேறு சொல்: 'உதைக்குது', அதாவது கணக்கு ஒத்துவரவில்லை. ரப்பர் பாலை நிறுக்கும் பால் ஸ்டோரில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், பாலின் கெட்டியை அளக்கும் மெட்ரோலேக் கருவியைப் பாலில் மிதக்கவிடுவார். தண்ணீர் கூடினால் அது உயர்ந்து நிற்கும். தண்ணீர் கலந்தாயா என்று உடனே ஒரு பார்வை. மரத்தில் பால் பிடிக்கும் மங்கில் மழைத் தண்ணீர் விழுந்திருந்தாலும் அதே பார்வைதான். பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் காண்டா கழியில் வாளி சுமந்த தோளுக்கு எடை தெரியும். சீட்டில் குறைத்து எழுதியிருந்தால், முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே, "ஐயா, எங்கயோ உதைக்குதே" என்பார். யாரையும் திருடன் என்று சொல்லவில்லை, உதைப்பது கணக்குதானே! கிராணி முணுமுணுத்துக்கொண்டே மறுபடி நிறுப்பார். கெட்டிக்காரச் சொல் அது.

தாத்தா காலம் இதைவிட மோசம். 1948 ஜூன் 16இல் இந்த வட்டாரத்தில் வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட, அவசரகாலம் வந்து 1960 வரை நீடித்தது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்ட் போராளிகளுக்குச் சோறு போகிறதா என்று ஒரு பக்கம் சோதனை, யார் காட்டிக்கொடுப்பார்களோ என்று மறுபக்கம் பயம். வேலையில்லாமல் லயத்து வாசலில் ஒருவன் நின்றால், "மோப்பம் பிடிக்கிறான்" என்று கண்ணைக் காட்டிவிட்டு, மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்களாம்.

இப்போது தோட்டமெல்லாம் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை. பிள்ளைகளுக்கு எதற்கெடுத்தாலும் 'டவுட்டு'. ஐமிச்சத்தைக் கேட்டே பல வருடம் ஆகிறது. 'உதைக்குது' மட்டும் உயிரோடு இருக்கிறது. ஒட்டுக்கடையில் பணம் இரட்டிப்பாகும் திட்டம் விற்க வந்த ஒரு தம்பியிடம், பக்கத்து மேசை அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே, "எல்லாம் சரி தம்பி, கணக்கு உதைக்குதே" என்றார். தம்பி காகிதங்களை அடுக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.