3,500 கிலோ இழுக்கும் என்கிறார்கள்: லேண்ட்குரூஸர் 300-ஆ, எம்யூ-எக்ஸா, பேட்ரோலா?

கூட்டாஞ்சோறு (மேற்கு சிட்னி)

வணக்கம். அடுத்த ஆண்டு மே முதல் ஆகஸ்ட் வரை நீண்ட விடுப்பு கிடைத்திருக்கிறது. நான், மனைவி, 11 வயதிலும் 8 வயதிலும் இரண்டு பிள்ளைகள். முதலில் அடிலெய்டு, அங்கிருந்து ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையைப் பிடித்து உலுரு, டார்வின், அப்புறம் கிம்பர்லி பகுதியின் கிப் ரிவர் மண்சாலை வழியாக புரூம். இதுதான் திட்டம்.

கேரவன் ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். 21 அடி, இரட்டை அச்சு, சாமான் ஏற்றிய பின் அதிகபட்சம் 2,900 கிலோ. முன்பணம் இன்னும் கட்டவில்லை. அதை இழுக்க வண்டி வேண்டும். மூன்று வண்டிகள் மனதில் இருக்கின்றன: பழைய லேண்ட்குரூஸர் 300 ஒன்று, புது இசுசு எம்யூ-எக்ஸ், நிசான் பேட்ரோல் ஒய்62. மூன்றுமே 3,500 கிலோ இழுக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் விலை குறைந்ததை வாங்கினால் போதாதா? 300-க்கு லட்சம் டாலருக்கு மேல் கொடுப்பதில் என்ன நியாயம்?

செம்மண் (டார்வின்)

தம்பி, 300-ஐ எடுங்கள். இரண்டாவது யோசனை வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் இதைவிடச் சிறிய வண்டி ஒன்றில் 2,600 கிலோ கேரவனைக் கட்டிக்கொண்டு டெனன்ட் கிரீக்குக்குத் தெற்கே வந்துகொண்டிருந்தேன். எதிரே மூன்று டிரெய்லர் பூட்டிய ரோட் டிரெயின். அது பக்கத்தில் வரும்போது காற்று முதலில் வெளியே தள்ளும், கடந்து போனதும் உள்ளே இழுக்கும். அன்றைக்கு அந்த இழுப்பில் கேரவனின் பின்பக்கம் ஆடத் தொடங்கியது. நான் பயத்தில் பிரேக்கை மிதித்தேன், ஆட்டம் இன்னும் கூடியது. காலை எடுத்துவிட்டு, டாஷ்போர்டில் இருந்த பிரேக் கன்ட்ரோலரைக் கையால் அழுத்தினேன். கேரவனின் பிரேக் மட்டும் பிடித்தது, அது நேராகியது. ஐந்து விநாடி இருக்கும். பின் சீட்டில் பிள்ளைகள் ஒரு சொல் கதைக்கவில்லை.

அடுத்த வருடம் 300 வாங்கினேன். 3.3 லிட்டர் வி6 டீசல், டார்க், அதாவது இழுவைத் திறன், 700 நியூட்டன் மீட்டர், பத்து கியர். எம்யூ-எக்ஸில் 450 தான். ஏற்றத்தில் அந்த வித்தியாசம் காலுக்குக் கீழே தெரியும். ஆனால் நான் வாங்கியது இழுவைக்காக அல்ல, வண்டியின் கனத்துக்காக.

எறும்பு (அடிலெய்டு)

செம்மண் அண்ணை சொன்ன அனுபவம் உண்மை. அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் தவறு என்று நினைக்கிறேன்.

300 கனமான வண்டி, சரி. காலியாக ஏறத்தாழ 2.6 டன். கூட்டாஞ்சோறு பார்த்திருக்கும் கேரவன் 2.9 டன். அப்போதும் பின்னால் வருவதுதானே கனம்? எம்யூ-எக்ஸ் 2.2 டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. அதன் பின்னால் 1.9 டன் கேரவனைக் கட்டினால் இழுக்கிற வண்டி கனமாக இருக்கும். ரோட் டிரெயின் பக்கத்தில் எது நிலையாக நிற்கும்? வண்டியைப் பெரிதாக்கித்தான் அந்த ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்றில்லை, கேரவனைச் சிறிதாக்கியும் நிறுத்தலாம்.

அடுத்தது, 3,500 என்ற எண். அதை மட்டும் பார்த்து வண்டி வாங்குகிறவர்கள்தான் பிறகு எடைமேடையில் நின்று விழிக்கிறார்கள். உண்மையில் கையைக் கட்டுவது வண்டிக்குள் எவ்வளவு ஏற்றலாம் என்ற எண், அதாவது பேலோடு. எம்யூ-எக்ஸின் ஜி.வி.எம்., அதாவது சுமையோடு சேர்த்து வண்டிக்கு அனுமதித்த மொத்த எடை, 2,800 கிலோ. காலி எடையைக் கழித்தால் ஏறக்குறைய 625 மிஞ்சும். கேரவன் எடையில் பத்தில் ஒரு பங்கு டோ பாலில், அதாவது கேரவனை மாட்டும் குமிழில், உட்கார வேண்டும், இல்லையென்றால் ஆடும். 2,900-க்கு 290 கிலோ. இது வண்டியின் கணக்கில்தான் விழும். மீதி 335. நீங்கள் நால்வரும் 220 என்று வையுங்கள், மீதி 115. கங்காரு மோதினால் தாங்க முன்னால் புல்பார் என்ற இரும்புத் தடுப்பு 60. ஃபிரிட்ஜும் இரண்டாவது பேட்டரியும் இன்னொரு 60. முடிந்தது, ஐந்து கிலோ தாண்டியாயிற்று. டோ பார், கருவிப் பெட்டி, கூடுதல் டயர் எதையும் நான் இன்னும் எழுதவேயில்லை.

இப்போது 300-இன் ஜி.எக்ஸ்.எல். ரகத்துக்கு இதே கணக்கைப் போடுங்கள். பேலோடு சுமார் 700. எம்யூ-எக்ஸை விட 75 கிலோதான் கூடுதல்! நாற்பதாயிரம் டாலர் அதிகம் கொடுத்து, ஒரு பெரியவர் ஏறும் எடையை வாங்குகிறீர்கள்.

தார்ப்பாய் (பெர்த்)

பேட்ரோலை யாரும் கண்டுகொள்ளவே இல்லையே. ஆறு வருடமாக ஓட்டுகிறேன். 5.6 லிட்டர் வி8 பெட்ரோல், 298 கிலோவாட். டீசல் துகள் வடிகட்டி கிடையாது. நகரத்துக்குள் குறைந்த தூரம் ஓட்டி வடிகட்டி அடைத்து, எச்சரிக்கை விளக்கு எரிந்து, வொர்க்‌ஷாப்புக்கு அலையும் வேலை இல்லை. பின்சக்கர சஸ்பென்ஷன் சுயேச்சையானது, பிள்ளைகள் பின்னால் தூங்கிக்கொண்டே வருவார்கள். 300-ஐ விட விலை குறைவு, டேங்க் 140 லிட்டர். கேரவன் பின்னால் இருப்பதே தெரியாது.

செம்மண்

தார்ப்பாய், நல்ல வண்டிதான், மறுக்கவில்லை. ஆனால் பெரிய கேரவன் கட்டினால் உங்களுக்கு நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் ஆகிறது?

தார்ப்பாய்

24. எதிர்காற்று அடித்தால் 26, 27.

செம்மண்

அப்படியானால் 140 லிட்டரில் 580 கிலோமீட்டர். எனக்கு 18 ஆகிறது, 110 லிட்டரில் 610. பெரிய டேங்க் என்ற அனுகூலம் அங்கேயே போய்விட்டது.

இன்னொன்று. உங்கள் வண்டியின் கையேடு 95 ஆக்டேன் கேட்கிறது. மத்திய ஆஸ்திரேலியாவிலும் கிம்பர்லியிலும் உள்ள பல பழங்குடி ஊர்களில் பம்பில் வருவது ஓப்பல் மட்டும்தான். பெட்ரோலை முகர்ந்து இளைஞர்கள் அழிவதைத் தடுக்க 2005-இல் கொண்டுவந்த, நறுமணச் சேர்மங்கள் குறைந்த எரிபொருள் அது. நல்ல காரியம், இருக்கத்தான் வேண்டும். ஆனால் அது 91 ஆக்டேன். சூடான நாளில், மூன்று டன்னை இழுத்துக்கொண்டு, அதை ஊற்றி ஓட்ட எனக்கு மனம் வராது. டீசல் எங்கும் ஒன்றே.

எறும்பு தங்கச்சிக்கு: உங்கள் கணக்கு சரி. ஆனால் ஜி.வி.எம். அப்கிரேட் என்று ஒன்று இருக்கிறது. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் மாற்றி, பொறியாளர் சான்று வாங்கினால் 300 நூற்றுக்கணக்கான கிலோ கூடுதலாக ஏற்றும். புது வண்டி என்றால் முதல் பதிவுக்கு முன்பே செய்யலாம், எல்லா மாநிலங்களிலும் செல்லும்.

எறும்பு

எம்யூ-எக்ஸிலும் அதைச் செய்யலாமே.

செம்மண்

செய்யலாம். அங்கேதான் இரண்டுக்கும் வித்தியாசம். ஜி.வி.எம்.மை உயர்த்தினால் ஜி.சி.எம். தானாக உயராது. வண்டியும் கேரவனும் சேர்ந்த மொத்த எடையின் வரம்பு அது. எம்யூ-எக்ஸுக்கு 5,900. வண்டியை 3,100 ஆக்கிவிட்டு, டோ பால் எடையும் சேர்த்து முழுச் சுமை ஏற்றினால் கேரவனின் சக்கரங்களுக்கு 2,800 தான் மிஞ்சும். தம்பியின் 2,900-இல் டோ பாலின் 290 போக சக்கரங்களில் 2,610. இடைவெளி 190 தான். 300-க்கு 6,750. வண்டி 3,600 ஆனாலும் 3,150 மிஞ்சும், இடைவெளி 540. நாற்பதாயிரம் டாலர் இந்த இடத்தில்தான் இருக்கிறது, 75 கிலோவில் இல்லை.

எறும்பு

இதை ஏற்றுக்கொள்கிறேன் அண்ணை. 2,900 கிலோ கேரவன்தான் வேண்டும் என்றால் எம்யூ-எக்ஸுக்கு நெருக்கடிதான், 300-க்கு அப்கிரேட் செய்வதே நல்ல வழி. என் கேள்வி அதற்கு முந்தையது: அந்தக் கேரவன் எதற்கு?

கிப் ரிவர் சாலை 660 கிலோமீட்டர். நான் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் நர்ஸாக இருந்த நான்கு ஆண்டுகளில் ஒருமுறை நாங்களும் பெரிய கேரவனோடு அங்கே போனோம். ‘ஆஃப்ரோட்’ என்று பக்கவாட்டில் பெரிதாக எழுதி விற்ற கேரவன். மண்சாலை முழுக்கத் தகரக் கூரை மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். இமிஞ்சி என்ற ஊருக்கு முன்னால் ஓரிடத்தில் நிறுத்தி, கேரவனின் ஷாக் அப்சார்பரில் விரல் வைத்தேன். தோசைக்கல் மாதிரி சுட்டது. உள்ளே போனால் மேல் அலமாரியின் ரிவெட்டுகள் தரையில் கிடந்தன, கதவு ஒரே ஆணியில் தொங்கியது. சிவப்புத் தூசி மெத்தை உறைக்குள் வரை போயிருந்தது. பிறகுதான் கேரவன் டயரிலும் காற்றைக் குறைக்க வேண்டும் என்று அங்கே நின்ற ஒருவர் சொல்லித் தெரிந்தது. வண்டி டயரில் மட்டும் குறைத்திருந்தோம். குறைத்து, வேகத்தையும் 60-க்குக் கொண்டுவந்த பிறகு உதறல் பாதியாகியது.

அந்தப் பயணத்தில் எங்கள் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அடி வாங்கியது முழுக்கக் கேரவன். வண்டியைப் பற்றி நூறு பதிவு எழுதுகிறோம், அதன் பின்னால் வருவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

தார்ப்பாய்

அக்கா சொல்வதில் ஒன்று சேர்க்கிறேன். கிம்பர்லியில் பலர் கேரவனை டெர்பியிலோ குனனர்ராவிலோ பாதுகாப்பாக நிறுத்திவிட்டு, டெண்ட் மட்டும் எடுத்துக்கொண்டு கிப் சாலைக்குள் போகிறார்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம். பெண்டிகோஸ்ட் ஆற்றைக் கடக்கும்போது பின்னால் எதுவும் இல்லை என்பது எவ்வளவு நிம்மதி தெரியுமா? அந்த ஆற்றில் இறங்கி நடந்து ஆழம் பார்க்கவும் முடியாது, உப்புநீர் முதலை இருக்கிறது. முன்னால் போகிற வண்டியைப் பார்த்துத்தான் கணிக்க வேண்டும்.

கூட்டாஞ்சோறு

மூவருக்கும் நன்றி. இரண்டு நாளாக நான் செய்த வேலையைச் சொல்கிறேன்.

எடுத்துப்போக நினைத்த சாமான் அனைத்தையும் கராஜில் பரப்பி, குளியலறை எடைக்கருவியில் ஒவ்வொன்றாக நிறுத்து எழுதினேன். நாங்கள் நால்வரும் 220 இல்லை, 238. டேபிள்டாப் கிரைண்டர் 11. அரிசி ஒரு பை 10. பிள்ளைகளின் சைக்கிள் இரண்டும் தாங்கியோடு 41. ஜெனரேட்டர் 21. தண்ணீர் கேன்கள் நிரப்பினால் 40. கேரவனுக்குள் போவதைத் தனியாக எழுதினேன். வண்டிக்குள் ஏற வேண்டியது மட்டும், டோ பால் எடை சேர்க்காமலே 510 வந்தது. அதோடு 290-ஐக் கூட்டினால் 800. மூன்று வண்டிகளில் எதுவுமே, அப்கிரேட் செய்யாமல், இதைச் சட்டப்படி தூக்காது. 300 உட்பட.

மனைவி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு முதலில் அடித்தது ஜெனரேட்டரை, அடுத்தது சைக்கிள்களை. கிரைண்டர் கட்டாயம் வரும், அதில் பேச்சே இல்லை. வழியில் மாவரைத்து, ஃபிரிட்ஜில் வைத்து, உலுருவில் காலையில் இட்லி என்று அவள் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

21 அடி கேரவன் வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட்டேன். 2,000 கிலோவுக்குள் முடியும், கூரை உயர்த்தும் வகையில் தேடுகிறோம்.

செம்மண்

நல்லது. 2,000-ஐத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக் வேண்டும், கழன்றுபோனால் தானாகப் பிடிக்கும் கருவியும் கட்டாயம். அதற்குக் கீழே சட்டம் கேட்காது என்றாலும் இரண்டும் இருக்கும் கேரவனாகவே பாருங்கள். கேரவனை டோ பார் கொக்கியில் மாட்டியபடியே ஒருமுறை, கழற்றி ஒருமுறை, முழுச் சாமானோடு எடைமேடையில் ஏற்றுங்கள். அதிக எடையோடு விபத்து என்றால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கலாம்.

ஆனாலும் நான் 300 என்றுதான் சொல்வேன். கேரவன் சிறிதானால் அதற்கு அப்கிரேட்டும் தேவைப்படாது.

எறும்பு

கேரவன் சிறிதானால் எம்யூ-எக்ஸுக்கும் தான் தேவைப்படாது அண்ணை. இப்போதைய தாளில் ஜெனரேட்டரும் சைக்கிளும் போனால் 448, டோ பாலில் 190. மொத்தம் 638. இன்னும் பதினைந்து கிலோ குறைத்தால் எம்யூ-எக்ஸின் 625-க்குள் வந்துவிடும். தண்ணீர் கேன்களைக் கேரவனின் அச்சுக்கு மேலே மாற்றினாலே போதும். மிஞ்சுகிற பணத்தில் நல்ல டயர் ஒரு செட், ஒரு யு.எச்.எஃப். ரேடியோ, ஒரு செயற்கைக்கோள் தொலைபேசி, நான்கு மாத டீசல் எல்லாம் வரும்.

செம்மண்

625-க்கு 623 ஏற்றி, 80 லிட்டர் டேங்கோடு, கிப் சாலையில் மவுண்ட் பார்னெட்டிலிருந்து எல் குவெஸ்ட்ரோ வரை 300 கிலோமீட்டருக்கு மேல் மண்சாலையில் போகச் சொல்கிறீர்கள். போகலாம். எனக்குக் கொஞ்சம் இடைவெளி வேண்டும். வழியில் யாராவது பழுதாகி நின்றால் அவர்களுடைய ஒரு பையைக்கூட ஏற்ற முடியாத வண்டியில் நான் போகமாட்டேன்.

எறும்பு

அது நியாயமான பேச்சு. அப்படியானால் கிப் சாலைக்குக் கேரவனைக் கொண்டுபோக வேண்டாம், தார்ப்பாய் சொன்ன மாதிரி குனனர்ராவில் விட்டுவிடலாம். டோ பால் எடை 190 அங்கேயே கழன்றுவிடும்.

கூட்டாஞ்சோறு

அப்படியே செய்கிறோம், கேரவன் குனனர்ராவில் நிற்கும். சனிக்கிழமை காலை இரண்டு வண்டிகளையும் ஓட்டிப் பார்க்கக் கேட்டிருக்கிறேன். நண்பர் ஒருவர் தன்னுடைய 1,800 கிலோ கேம்பர் டிரெய்லரைத் தருகிறார், அதைக் கட்டிக்கொண்டு லாப்ஸ்டோன் ஏற்றத்தில் ஏறி இறங்கிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். பிரேக் கன்ட்ரோலரை எப்படிச் சரிசெய்வது என்று யாராவது எழுதுங்கள், அதற்கு முன் படித்துவிடுகிறேன்.

செம்மண்

தட்டையான காலியான சாலையில் 40-இல் போய், வண்டியின் பிரேக்கைத் தொடாமல் கன்ட்ரோலரைக் கையால் அழுத்துங்கள். டிரெய்லர் பின்னால் இழுத்துப் பிடிப்பது தெரிய வேண்டும், சக்கரம் பூட்டி உரசக்கூடாது. பூட்டினால் ஒரு படி குறையுங்கள். கையை அதன் மேல் எங்கே வைப்பது என்று பார்க்காமலே தெரிகிற அளவுக்குப் பத்துத் தடவை செய்யுங்கள். உங்கள் மனைவியும் செய்ய வேண்டும், அவரும்தானே ஓட்டப்போகிறார்.