நடை, படி, மணல்: உடற்பயிற்சி செய்றவங்ககிட்ட நீங்க பாத்து, கண்ணுல நிக்கிறதை எழுதுங்க

நாகர்கோவில் பிசியோ:
மணிமேடைப் பக்கம் மூணு மாடி ஆபீஸ். எல்லாரும் சொல்றாங்கன்னு ஒரு அக்கா லிப்டை விட்டுட்டுப் படியில ஏற ஆரம்பிச்சாங்க. ஏறுறது அருமையா ஏறினாங்க. இறங்கும்போது ரெண்டு கையாலயும் கைப்பிடியைப் பிடிச்சு, பக்கவாட்டுல திரும்பி, ஒவ்வொரு படிக்கும் உதட்டைக் கடிச்சாங்க. அதை மறக்க முடியல.

இறங்கும்போது தொடையோட முன்தசை நீண்டுக்கிட்டே உடம்பைத் தாங்கணும். முட்டுச் சில்லு மேல அழுத்தம் கூடும். அதனால புதுசா தொடங்குறவங்க முதல் 3 வாரம் படியில ஏறி லிப்டுல இறங்குங்க. முதல் வாரம் ஒரு மாடி, நாளைக்கு 2 தடவை போதும். பாதம் முழுசும் படியில பதியணும். முட்டு உள்பக்கம் சாயாம, காலோட ரெண்டாவது விரலுக்கு நேரா போகணும்.

மணல்நடைக்காரர்:
சங்குத்துறைக் கடற்கரையில ஒரு பெரியவர் தினமும் கரையோரமா ஒரே திசையில நடப்பார், திரும்புறது ரோட்டு வழி. அவர் தடத்தைப் பாத்தா ஒரு காலோட வெளி ஓரம் மட்டும் ஆழமா குழிஞ்சிருக்கும். கரை சரிவா இருக்கிறதால கடல் பக்கத்துக் கால் தாழ்ந்து, இடுப்பு சாயுது. போன வழியிலேயே திரும்பினா சரிவு ரெண்டு காலுக்கும் மாறிடும். புதையுற மணல்ல நடக்க, கெட்டித் தரையைவிட ரெண்டு மடங்குக்கும் மேல சக்தி போகும், நேரத்தைப் பாதியாக்கிடுங்க. சுகர்ல கால் மரத்தவங்க வெறுங்காலோட இறங்கவே கூடாது.

தோவாளைக்காரி:
பிசியோ அண்ணே, லிப்டுல இறங்கச் சொல்லுதீங்க, நம்ம ஊர்ல எத்தனை கட்டடத்துல லிப்ட் இருக்கு? படியே ஏறாதவங்களைப் பத்தியும் சொல்லுங்க. இங்க பூ கட்டுற ஒரு மைனி சம்மணத்துல இருந்து எழும்பும்போது ரெண்டு கையையும் தரையில ஊணுவாங்க, முதல்ல இடுப்பு எழும்பும், தலை கடைசியில.

இப்படி இருக்கிறவங்களுக்கு நாற்காலிதான் நல்லது. கையில்லாத மர நாற்காலி, சுமார் 17 அங்குல உயரம், சுவரோட ஒட்டிப் போடணும். பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ்ல வழுக்கும். நுனியில உக்காந்து, குதிகாலை முட்டுக்குக் கொஞ்சம் பின்னால வச்சு, மூக்கு கால்விரலுக்கு நேரா வர்ற அளவு முன்னால சாஞ்சு எழும்பணும். நிறைய பேர் சாயாம நேரா எழும்பப் பாப்பாங்க, அதான் முடியாமப் போகுது. உக்காரும்போது மூணு எண்ணணும், தொப்புன்னு விழக்கூடாது. முடியலன்னா தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்க. ஒரு கூடைப் பூ தீந்தா 5 தடவை. அஞ்சுல என்ன ஆகும்னு கேக்காதீங்க. வாரம் 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடற்பயிற்சின்னு சொல்லுற உலக சுகாதார நிறுவனமே, ஒரே மூச்சுல 10 நிமிஷமாவது செய்யணும்ங்கிற நிபந்தனையை 2020-ல எடுத்தாச்சு.

குழித்துறை நர்ஸ்:
மார்த்தாண்டம் பாலத்துக்குக் கீழ ஒரு அண்ணன், சட்டை தொப்பலா நனைஞ்சு, கை நடுங்கி நின்னார். குடிச்சிருக்கார்னு ஆளுங்க விலகிப் போனாங்க. இன்சுலின் போட்டுட்டு, சாப்பிடாம நடக்க வந்தவர், சுகர் ரொம்ப இறங்கிடுச்சு. சுகருக்கு ஊசியோ மாத்திரையோ எடுக்கிறவங்க சாப்பிட்டப்புறம் 15 நிமிஷம் நடங்க. சாப்பாட்டுக்குப் பின்னால ஏறுற சுகரை அது குறைக்கும். சட்டைப் பையில 3 டீஸ்பூன் சர்க்கரை பொட்டலம் இருக்கட்டும். நடுக்கம் வந்தா உடனே வாயில போட்டு உக்காருங்க, 15 நிமிஷம் கழிச்சு சுகர் பாருங்க. ஆள் மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தாதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வச்சுட்டு 108-க்குக் கூப்பிடுங்க.