புதுப்பிப்பு: பாதியில் நின்ற கார் கண்ணாடி இப்போது முழுதாக ஏறுகிறது

ரிமோட்டில் பூட்டியதும் கண்ணாடிகளை ஏற்றும் மாட்யூலைப் பொருத்திய பிறகு, டிரைவர் பக்கக் கண்ணாடி மட்டும் பாதியில் நிற்கிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். வயரிங்கில் தப்பில்லை. கண்ணாடி மேலே முட்டியதும் மோட்டார் இழுக்கும் கரண்ட் கூடும். அதை வைத்துத்தான் மாட்யூல் நிறுத்துகிறது. என் காரில் கண்ணாடி ஓடும் ரப்பர் காய்ந்து இறுகியிருந்தது. பாதியிலேயே கரண்ட் கூடியதும், உச்சிக்கு வந்துவிட்டதாக மாட்யூல் எடுத்துக்கொண்டது. ரப்பரைத் துடைத்து சிலிக்கான் ஸ்பிரே அடித்தேன், சரியாகிவிட்டது! 300 ரூபாய்கூட ஆகவில்லை.

அப்புறம், இந்த மாட்யூலால் பேட்டரியும் இறங்கவில்லை. பூட்டி அரை மணி நேரம் கழித்து மல்டிமீட்டரில் அளந்தபோது, பேட்டரியிலிருந்து போகும் கரண்ட் 30 மில்லி ஆம்பியருக்குள்தான் காட்டியது.

இந்த மாட்யூலில் கை சிக்கினால் கண்ணாடி தானாக இறங்கும் வசதி கிடையாது. அதனால் பிள்ளைகள் இறங்கித் தள்ளி நின்ற பிறகே பட்டனை அழுத்துகிறேன்.