கம்பம் பள்ளத்தாக்கு ஊர்க் காட்சியகம்: உளுத்த கலப்பை, துருப்பிடித்த கொழு, என்ன செய்யலாம்?

வயல்வரப்பு:
உத்தமபாளையம் பக்கம் ஒரு ஊரில் பழைய விவசாயப் பொருள்களுக்குச் சின்னதா காட்சியகம் அமைக்கிறோம். நாட்டுக்கலப்பை ரெண்டு, நுகத்தடி, மாடு பூட்டிக் கிணத்துத் தண்ணி இறைக்கிற கமலைச் சால், தானியம் அளக்கிற மரக்கால், பித்தளைப் படி இருக்கு. கலப்பையிலிருந்து மாவு கொட்டுது, கொழு (கலப்பை நுனி இரும்பு) முழுக்கத் துரு. வார்னிஷ் அடின்னு சிலர், கழிவு ஆயில் பூசுன்னு சிலர். எது சரி?

உளிக்காரன்:
ரெண்டும் வேண்டாம். கழிவு ஆயில் மரத்துக்குள்ள இறங்கிட்டா திரும்ப எடுக்க முடியாது, தூசியும் அப்பிக்கும். வார்னிஷ் அடிச்சா கைபட்டுத் தேய்ஞ்ச மேழி (கலப்பைக் கைப்பிடி) புது நாற்காலிக் கை மாதிரி மினுங்கும்; உள்ளே மரத்தைத் தின்னு மாவாக்குற புழுவுக்கு ஒண்ணும் ஆகாது.

முதல்ல புழு உயிரோட இருக்கான்னு பாருங்க. மாவைத் துடைச்சு, அடியில கறுப்புத் தாள் விரிச்சு, ரெண்டு வாரம் அசைக்காம விடுங்க. புது மாவு விழுந்தா உயிரோட இருக்கு. பாலிதீன்ல காத்துப் போகாம சுத்தி, மைனஸ் 18 டிகிரியில ரெண்டு வாரம் வைக்கணும். எடுத்ததும் பிரிக்காதீங்க, ஒரு நாள் கவரோடவே கிடக்கட்டும். உடனே பிரிச்சா வேர்த்து மரம் நனைஞ்சிடும்.

வயல்வரப்பு:
நுகத்தடி எந்த ஃப்ரீசருக்குள்ளயும் போகாதே. திராட்சை வைக்கிற குளிர்கிடங்கு ஆகுமா? இல்ல வெயில்ல போட்டுடலாமா?

உளிக்காரன்:
திராட்சைக் கிடங்கு 0 டிகிரி பக்கம்தான் நிக்கும், புழு சாகாது. ஐஸ்கிரீம் கிடங்குல கேட்டுப் பாருங்க. வெறும் வெயில்ல போட்டா மேல்மரம் வெடிக்கும், நடுவுல இருக்கிற புழு தப்பிச்சிடும்.

பட்டறை:
கொழுவைக் கழட்டாதீங்க, ஆப்பு உடைஞ்சிடும். உதிர்ற துருவை மட்டும் கம்பி பிரஷ்ஷால எடுங்க. பளபளன்னு தேய்க்க வேண்டாம். டானிக் அமிலத்தை (tannic acid) 5 முதல் 10 சதவீதம் தண்ணியில கரைச்சுத் தூரிகையால பூசினா துரு கருநீலமா மாறி நிக்கும். காஞ்சதும் மெழுகு. மரத்துல பட்டா அதுவும் கறுத்துடும், டேப் ஒட்டிட்டு வேலை பாருங்க.

மரக்கால்:
படியைப் புளி போட்டு விளக்கிடாதீங்க அண்ணே! விளிம்புல அரசாங்க முத்திரை இருக்கலாம். பக்கவாட்டுல சாய்ச்சு டார்ச் அடிச்சு முதல்ல போட்டோ எடுங்க. கொள்ளளவையும் எழுதி வைங்க. படியும் மரக்காலும் ஊருக்கு ஊர் மாறும். மரக்கால்ல தண்ணி ஊத்தாம கடுகு கொட்டித் தலைதட்டி, அந்தக் கடுகை லிட்டர் அளவையில அளங்க. கோபுரமா அளந்தா கணக்கு வேற.

பொருள் மேல அடையாள எண் எழுத நெயில் பாலிஷ் வேண்டாம், நாளானா மஞ்சளாகி உரியும். பாராலாய்டு பி-72-ஐ (நிறமில்லாத அக்ரிலிக் பிசின்) அசிட்டோன்ல கரைச்சு ஒரு பூச்சு, அது காஞ்சதும் எண், மேல இன்னொரு பூச்சு. வேணும்னா அசிட்டோன்லயே துடைச்சிடலாம்.

முல்லைக்கரை:
சுவர்ல முல்லைப் பெரியாறு அணையைக் கட்டின பென்னிகுயிக் படம் மட்டும் போதாது. 1895-ல் திறந்த அந்த அணையின் தண்ணி மலையைக் குடைஞ்ச சுரங்கம் வழியா வைரவனாறு, சுருளியாறு, வைகைன்னு வர்றதை வரைபடமாப் போடுங்க. பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்தத் தண்ணியிலதான். கமலையைத் தனியா வைங்க. அது கிணத்துப் பாசனம், வாய்க்கால் எட்டாத மேட்டு நிலத்துக்கானது.