உதவி தேவை: கரி கிரில்லில் வார்ப்பிரும்புச் சட்டிப் பிரியாணி, அடி கருகுகிறது, மேலே அரிசி வேகவில்லை

கொல்லைச் சமையல் (டாலஸ்):

வணக்கம். வீட்டுக் கொல்லையில் 22 அங்குல வட்டக் கரி கிரில் இருக்கிறது. அதில் வைத்துச் சமைக்க 10 அங்குல வார்ப்பிரும்பு டச்சு அவன் (Dutch oven; இறுக்கமான மூடி போட்ட கனத்த சட்டி) ஒன்று வாங்கினேன். எனாமல் பூசாதது, கால் இல்லாதது, மூடி சற்றுக் கவிந்த வடிவம். ஆம்பூர் முறையில் மட்டன் பிரியாணி செய்யத்தான் இந்த ஏற்பாடெல்லாம். கறியை மசாலாவோடு வேகவைத்து, முக்கால் வேக்காட்டில் வடித்த சீரகச் சம்பாவைச் சேர்த்து, மூடிமேல் தணல் போட்டுத் தம் கட்டுகிறேன்.

அடியில் ஒரு விரல் கனத்துக்குக் கருகிப் பிடிக்கிறது. மேலே இருக்கும் அரிசி நறுக்கென்று நிற்கிறது. மூடிமேல் வைக்கும் கரி சறுக்கி விழுகிறது. போதாக்குறைக்கு மசாலா கறுத்துப்போய் இரும்பு வாடை வேறு. இதே அளவுகளில் கேஸ் அடுப்பில், அலுமினியச் சட்டியில் செய்தால் ஒரு குறையும் வருவதில்லை. ஆட்டுக்கறி இங்கே விற்கிற விலையில் இன்னொரு முறை கருக்க மனம் வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உப்பேரி (சால்ட் லேக் சிட்டி):

மூன்று விவரங்கள் வேண்டும் நண்பரே. கரியை எப்படிப் பரப்புகிறீர்கள்? கட்டிக் கரியா, அச்சில் வார்த்த பிரிக்கெட்டா? தம்மின்போது கிரில்லின் பெரிய மூடி திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா?

கொல்லைச் சமையல்:

கட்டிக் கரி. கரியைப் போட்டுப் பற்றவைக்கும் உலோக உருளை நிறைய எடுத்து நடுவில் கொட்டி, நேர்மேலே சட்டி. பெரிய மூடி திறந்தேதான் இருக்கும்.

உப்பேரி:

அப்படியானால் கருகாமல் இருந்தால்தான் வியப்பு. வார்ப்பிரும்பு சூட்டைச் சீராகப் பரப்பும் என்று கடைக்காரர்கள் சொல்வதை நம்பாதீர்கள். அலுமினியம் வெப்பத்தைக் கடத்தும் திறனில் அது நாலில் ஒரு பங்குகூட வராது. சூட்டைப் பிடித்து வைப்பதில்தான் அது கெட்டி. ஆகவே நடுவில் தணல் குவிந்தால் நடு அடி மட்டும் கொதிக்கும், ஓரம் பின்தங்கும். தணலை விட்டு இறக்கிய பிறகும் அடி நெடுநேரம் சுட்டுக்கொண்டே இருக்கும். கேஸ் அடுப்பில் திருகைக் குறைத்தால் அலுமினியச் சட்டி உடனே கேட்கும், இது கேட்காது.

இன்னொன்று. மசாலாவில் தண்ணீர் நிற்கும்வரை அடி ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸில்தான் இருக்கும். அரிசி அந்தத் தண்ணீரை இழுத்துக்கொண்டதும் சூடு விறுவிறுவென்று ஏறும். நீங்கள் தம் போடுவது சரியாக அந்த நேரத்தில். அப்போது அடியில் தணலே இருக்கக் கூடாது என்பது என் கட்சி. கொதி வரும்வரை கீழ்ச்சூடு, தம்முக்கு மேல்சூடு. அடிக்குச் சட்டி சேமித்து வைத்திருக்கும் வெப்பமே போதும்.

நான் இருக்கும் யூட்டா மாநிலம் 1997-இல் டச்சு அவனையே மாநிலச் சமையல் பாத்திரமாக அறிவித்த ஊர். இங்கே முகாமுக்குப் போகிறவர்கள் வைத்திருக்கும் கணக்கு இது: சட்டியின் விட்டம் எத்தனை அங்குலமோ அதில் மூன்றைக் கழித்துக் கீழே, மூன்றைக் கூட்டி மேலே. உங்கள் சட்டிக்கு 7 பிரிக்கெட் கீழே, 13 மேலே. உள்ளே சுமார் 175 டிகிரி கிடைக்கும். கட்டிக் கரிக்கு இந்தக் கணக்கு செல்லாது. ஒரு கட்டி எலுமிச்சை அளவு, அடுத்தது தேங்காய் அளவு. அதுவும் பிரிக்கெட்டைவிடச் சீக்கிரம், காட்டமாக எரியும். தணல் எண்ணிச் சமைக்க வேண்டுமென்றால் பிரிக்கெட்தான்.

ஆனால் அது கேக், ரொட்டி சுடுகிறவர்களின் கணக்கு. தம்முக்கு அவ்வளவு சூடு வேண்டாம். கீழே உள்ள ஏழையும் இடுக்கியால் ஓரமாகத் தள்ளி வட்டமாக வையுங்கள், மேலே பத்து போதும். கால் மணிக்கு ஒரு தடவை சட்டியைக் கால் வட்டம் வலப்பக்கமும், மூடியைக் கால் வட்டம் இடப்பக்கமும் திருப்பினால் ஒரே இடம் தொடர்ந்து சுடப்படாது.

மீனாட்சி அக்கா (மெல்பர்ன்):

கணக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அவருடைய மூடி கவிந்தது என்கிறாரே, பத்து பிரிக்கெட்டை அதன்மேல் எப்படி நிறுத்துவார்? மூடி விளிம்பில் வரப்பு போல உயர்ந்திருக்கும் முகாம் சட்டிக்குத்தான் அது சரிப்படும். வீட்டு அடுப்புக்கென்று செய்த சட்டிக்குப் பெரிய மூடி இருக்கும் கிரில்லே ஓர் அவன் (oven) மாதிரிதான் தம்பி. கரியை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டு, நடுவில் கரி இல்லாத இடத்துக்கு நேர்மேலே சட்டியை வைத்து, கிரில் மூடியைப் போட்டுவிடுங்கள். காற்றுத் துளைகளைப் பாதிக்கு மூடுங்கள். சூடு எல்லாப் பக்கமும் சுற்றி வரும், மேலே தணலே தேவையில்லை.

மூடிமேல் தணல் போட்டே ஆகவேண்டும் என்றால், சட்டி மூடியை எடுத்துவிட்டுத் தட்டையான கனத்த இரும்புத் தட்டை வைத்து, விளிம்பை மைதா மாவால் அடைத்துவிடுங்கள். துத்தநாகம் பூசிய தகடு மட்டும் கூடாது, தணல் பட்டால் நச்சுப் புகை வரும்.

கறுப்புக்கு வருகிறேன். தக்காளி, தயிர், எலுமிச்சை மூன்றும் புளிப்பு. புதுச் சட்டியில் எண்ணெய்ப் படலம் மெல்லியது, புளிப்பு அதைக் கரைத்து இரும்பைத் தொட்டுவிடும். தோசைக்கல்லைப் பழக்குகிற மாதிரி இதையும் பழக்க வேண்டும். வெங்காயம் வதக்குவது, கறி வறுப்பது, கோழி பொரிப்பது என்று எண்ணெய்ச் சமையலாகக் கொஞ்ச காலம் ஓட்டுங்கள். அதுவரை மசாலாவையும் கறியையும் வேறு பாத்திரத்தில் வேகவைத்து, தம்முக்கு மட்டும் இதில் மாற்றலாம். மிச்சப் பிரியாணியை இரவு இதிலேயே விட்டுவைக்காதீர்கள்.

சாம்பல் (ஜோகன்னஸ்பர்க்):

இங்கே போய்கி எனப்படும் மூன்று கால் வார்ப்பிரும்புப் பானையில் சமைக்கிறவர்கள் தணலைக் குவிப்பதே இல்லை. பக்கத்தில் ஒரு சிறு நெருப்பை எரியவிட்டு, வேண்டும்போது கரண்டியால் நாலு தணலை இழுத்துப் பானைக்கடியில் போடுவார்கள். குறைப்பது கடினம், கூட்டுவது எளிது. தொடக்கத்திலேயே கொட்டிவிட்டால் பிறகு நம் கையில் ஒன்றும் இல்லை.

அடிக்குப் பழைய இரும்புத் தோசைக்கல் ஒன்றைக் கொடுத்தாலும் போதும். நம் வீடுகளில் கேஸ் அடுப்பில் தம் போடும்போது செய்வதுதானே. நான்ஸ்டிக் கல் வேண்டாம்.

கரியைப் பற்றவைக்கத் திரவம் ஊற்றுகிறீர்களா? ஊற்றினால் வெங்காயம் வதக்கும்போதே அந்த வாடை ஏறிவிடும். உருளைக்கு அடியில் செய்தித்தாளைக் கசக்கி வைத்தாலே பிடித்துக்கொள்ளும். மேலே சாம்பல் பூக்கும்வரை சுமார் 20 நிமிடம் பொறுங்கள்.

கொல்லைச் சமையல்:

அனைவருக்கும் நன்றி. ஒரு துணைக் கேள்வி. நண்பரிடம் எனாமல் பூசிய சட்டி இருக்கிறது, புளிப்புப் பிரச்சினை இருக்காதே, அதை இரவல் வாங்கலாமா? இன்னொன்று, மழை வந்தால் கிரில்லைக் கார் கொட்டகைக்குள் தள்ளிக்கொள்ளலாமா?

மீனாட்சி அக்கா:

இரவல் சட்டியைக் கரியில் வைக்காதீர்கள் தம்பி, நட்பு போய்விடும். நேரடித் தணலில் எனாமல் வெடிக்கும், வெளிப்பக்கம் கறை ஏறும், மூடியில் பிளாஸ்டிக் குமிழ் இருந்தால் உருகும்.

கொட்டகைக்குள் கரி எரிக்கவே கூடாது, கதவு திறந்திருந்தாலும்தான். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். மழை என்றால் அன்றைக்குக் கேஸ் அடுப்பு.

கொல்லைச் சமையல்:

செய்து பார்த்தேன். அக்கா சொன்னபடி கரி இரு பக்கம், கிரில் மூடி போட்டு. தம்மில் அடியில் தணல் இல்லை. கறியை வேறு பாத்திரத்தில் வேகவைத்ததால் கறுப்பு இல்லை, இரும்பு வாடை இல்லை. மேல் அரிசி வெந்துவிட்டது. அடியில் பொன்னிறமாக ஒரு படலம்தான், அதற்குப் பிள்ளைகள் சண்டை போட்டார்கள். ஒரு பக்கம் மட்டும் சற்று வறண்டிருந்தது.

உப்பேரி:

அந்தப் பக்கக் கரிக் குவியல் பெரிதாக இருந்திருக்கும், அல்லது அது காற்று வரும் திசை. சட்டியைத் திருப்பினீர்களா?

கொல்லைச் சமையல்:

திருப்பவில்லை. மூடியைத் திறந்தால் சூடு போய்விடுமே என்று பயந்தேன்.

உப்பேரி:

பெரிய மூடியைத் திறந்து மூட அரை நிமிடம்கூட ஆகாது. அவ்வளவு கனத்த இரும்பு அதற்குள் ஆறிவிடாது. தம் பாதியில் ஒரே ஒரு தடவை அரை வட்டம் திருப்புங்கள், உள்மூடியை மட்டும் தொடாதீர்கள். கழுவும்போது சட்டி தானாக ஆறட்டும்; சுடச்சுடக் குளிர்ந்த நீர் ஊற்றினால் விரிசல் விடும்.