ஆளுயரக் கதைப்புத்தகம்: மட்டை வளைகிறது, என்ன செய்யலாம்?

லிந்துலை டீச்சர்:
தேயிலைத் தோட்டத்து முன்பள்ளியில் 22 பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். ஒக்டோபர் 1 சிறுவர் தினத்துக்கு நாலடி உயரத்தில் ஒரு கதைப்புத்தகம் செய்து, பிள்ளைகளே பக்கத்தைத் திருப்பி, அதற்குள் நின்று கதை சொல்கிற மாதிரி வைக்க ஆசை. கதை நாங்களே கட்டியது. அம்மாயியின் கொழுந்துக் கூடைக்குள் ஒரு குருவி தூங்கிவிடுகிறது, கூடை, கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவத்துக்குப் போகிறது.

ஃபிரிட்ஜ் பெட்டி மட்டையை வெட்டி, கோதுமை மா பசை காய்ச்சி, முன்பக்கம் மட்டும் வெள்ளைக் கடதாசி ஒட்டினேன். விடாத மழை, அதனால் அடுப்படியில் சாய்த்து வைத்தேன். காலையில் பார்த்தால் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்து கிடக்கிறது. சரியாகக் காயாத இரண்டு மட்டையில் நாலாம் நாள் பூஞ்சணம். பிள்ளைகள் தினமும் "புத்தகம் எங்கே டீச்சர்" என்று கேட்கிறார்கள். மட்டை நேராக நிற்க வழி சொல்லுங்கள்.

கொட்டகலை அண்ணன்:
தங்கச்சி, அச்சகத்தில் புத்தகம் கட்டின ஆள் நான். ஈரமான கடதாசி விரியும், காயும்போது சுருங்கி மட்டையைத் தன் பக்கம் இழுக்கும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் வளையத்தான் செய்யும். பின்பக்கமும் அதே கடதாசியை அதே நாளில் ஒட்டுங்கள், இரண்டு இழுவையும் சமமாகிவிடும். வளைந்ததையும் வீச வேண்டாம், பின்பக்கம் ஒட்டிப் பாரத்துக்கு அடியில் வைத்தால் பெரும்பாலும் நேராகும்.

அடுப்படி மட்டும் வேண்டாம். பழைய பத்திரிகைத் தாளை இடையில் வைத்து அடுக்கி, மேலே பலகை போட்டு, செங்கல் ஏற்றுங்கள். தாள் ஈரத்தைக் குடிக்கும், தினமும் மாற்றினால் போதும். அப்புறம், மட்டைக்குள் ஓடும் வரி மேலிருந்து கீழாக இருக்கிற மாதிரி வெட்டுங்கள். குறுக்கே இருந்தால் நாலடி மட்டை நடுவில் மடிந்துவிடும்.

மாசி மாதக் கூத்துக்காரன்:
காமன் கூத்துக்குக் கிரீடம் ஒட்டுகிறவன் என்பதால் பசையைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் மலைக் குளிரில் மா பசை மெதுவாகத்தான் காயும், அதற்குள் பூஞ்சணம் வந்துவிடும். தச்சு பாஸ்மார் பாவிக்கும் வெள்ளைப் பசையை மெல்லியதாகத் தடவுங்கள். பூச்சி வராமல் இருக்க மா பசையில் மயில்துத்தம் கலக்கச் சொல்வார்கள், அது நஞ்சு. கையை வாயில் வைக்கிற வயதுப் பிள்ளைகள், தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பண்டாரவளை அம்மா:
டீச்சர், நாலடி மட்டைகளை ஒரே முதுகில் கட்டினால் பிள்ளைகளால் திருப்ப முடியாது, மேலே விழுந்தாலும் ஆபத்து. மடிப்புத் திரை மாதிரி பக்கங்களை வரிசையாகக் கோத்து, வளைந்து வளைந்து நிறுத்துங்கள். அது தானாக நிற்கும், பிள்ளைகள் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் போய் நிற்கலாம். பழைய பருத்திச் சேலையைக் கிழித்து இரண்டு பக்கமும் ஒட்டுங்கள், ஆனால் இரண்டு மட்டைக்கும் நடுவில் மட்டைத் தடிப்பைப் போல இரண்டு மடங்கு இடைவெளி விட வேண்டும். அதை விடாமல் ஒட்டித்தான் எங்கள் முதல் திரை மடங்கவே இல்லை. மூலைகளை வட்டமாக வெட்டி, ஓரத்துக்கும் துணி சுற்றிவிடுங்கள்.

பக்கத்துக்கு ஒரே வரி, உள்ளங்கை உயர எழுத்து. குருவியைக் கூடைப் படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்து, கூடையைத் தூக்கினால் தெரிகிற மாதிரி செய்யுங்கள், பிள்ளைகள் நூறு தடவை தூக்குவார்கள். அதனால் அந்தக் கீலுக்குத் துணியை இரட்டையாகப் போடுங்கள்.

லிந்துலை டீச்சர்:
அண்ணே, அக்கா, எல்லாருக்கும் நன்றி. வளைந்த ஆறில் நாலு நேராகிவிட்டது. பூஞ்சணம் பிடித்த இரண்டையும் எரித்துவிட்டு வேறு மட்டை வெட்டினேன். திரை மாதிரியே செய்கிறேன். ஒரு பிள்ளையின் அம்மா தன் பழைய கொழுந்துச் சாக்கைக் கொடுத்திருக்கிறார், கூடைப் படத்துக்கு அதைத்தான் ஒட்டப்போகிறேன். அதைத் தொட்டதும் பிள்ளைகள் "எங்கம்மா வாசம்" என்றார்கள்.