ஓஇடி ஸ்பீக்கிங் 330, ரைட்டிங் 280: உச்சரிப்பையும் இலக்கணத்தையும் எப்படிச் சரிசெய்வது?

காரைக்குடி ஸ்டாஃப் எழுதியது:

வணக்கம். காரைக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆறு வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். இங்கிலாந்து போவதற்காக, மருத்துவ வேலைக்காரர்களுக்கான இங்கிலீஷ் தேர்வான ஓஇடி எழுதினேன். லிஸனிங், ரீடிங் இரண்டும் 350 தாண்டிவிட்டது. ஸ்பீக்கிங் 330, ரைட்டிங் 280. அந்த ஊர் நர்சிங் கவுன்சில் ஸ்பீக்கிங்குக்கு 350, ரைட்டிங்குக்கு 300 கேட்கிறது. இரண்டிலும் இருபது இருபது மார்க்கில் போய்விட்டது, மனசே ஆறவில்லை.

பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். வார்டில் நாள் முழுக்க இங்கிலீஷ் வார்த்தைகளைத்தான் பேசுகிறோம், ஆனால் யோசித்துப் பார்த்தால் "எட்டாம் பெட்டுக்கு டிரிப் முடிஞ்சிருச்சு, கேனுலா மாத்தணும்" என்றுதான் பேசுகிறோம், பெயர்ச்சொல் எல்லாம் இங்கிலீஷ், வினைச்சொல் எல்லாம் தமிழ். பரீட்சையில் ரோல் பிளே, அதாவது நோயாளியோடு பேசுவதுபோல் நடித்துக் காட்டுவது, தொடங்கியதும் வினைச்சொல்லுக்குத்தான் நாக்கு தடுமாறியது. கோச்சிங் சென்டரில் இங்கிலாந்துக்காரர் மாதிரி பேசிப் பழகு, சீரியல் பார் என்கிறார்கள். அப்படிப் பேசினால் எனக்கே ஒட்டவில்லை. இந்த வழியில் போனவர்கள் யாராவது சொல்லுங்கள்.

தேவகோட்டைக்காரி எழுதியது:

தங்கச்சி, நான் இங்கிலாந்தில் மெடிக்கல் வார்டில் வேலை பார்க்கிறேன், இது ஐந்தாவது வருடம். முதலில் அந்த ஆக்சென்ட் கவலையை விடு. ஸ்பீக்கிங்கில் பார்ப்பது நீ பேசுவது எதிரே இருப்பவருக்குச் சிரமமில்லாமல் விளங்குகிறதா என்பதைத்தான். தமிழ்க்காரி என்று தெரிந்தால் மார்க் குறையாது, எனக்குக் குறையவில்லை.

ஆனால் சில ஒலிகள் நம்மை நிஜமாகவே மாட்டிவிடும். வந்த புதிதில் ஒரு வயதானவரைக் கட்டிலிலிருந்து எழுப்பும்போது தலை சுற்றுகிறதா என்று கேட்பதற்காக "ஆர் யூ ஃபீலிங் ஃபெயின்ட்" என்றேன். என் வாயில் ஃப எல்லாம் ப ஆகத்தான் வந்தது. அவருக்கு அது பெயின் என்று கேட்டிருக்கிறது, "நோ நோ" என்று சொல்லிவிட்டு எழுந்து நின்றார், நின்றவர் முகம் வெளுத்து அப்படியே என் தோளில் சாய்ந்தார். நல்ல வேளை, பிடித்துக்கொண்டேன். அன்று இரவு கண்ணாடி முன்னால் நின்று கீழுதட்டை மேல்பல் தொடுகிறதா என்று பார்த்துப் பார்த்து ஃபெயின்ட், ஃபீவர், ஃபால் என்று சொல்லிப் பழகினேன். உதடு இரண்டும் ஒட்டினால் அது ப, அவ்வளவுதான் கணக்கு.

அப்புறம் எண்கள். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் நம் வாயில் ஒன்றுபோலவே வரும். முதலாவதில் 'டீன்' நீளமாக அழுந்த வேண்டும், கடைசி 'ன்' கேட்க வேண்டும், இரண்டாவதில் முதல் 'ஃபிஃப்' அழுந்த வேண்டும். மருந்து அளவு என்றால் அதையும் நம்பாதே, "ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்" என்று பிரித்துச் சொல், எதிரே இருப்பவரைத் திருப்பிச் சொல்லச் சொல். ஹைப்போவும் ஹைப்பரும் அதே கதை, நான் போனில் பேசும்போது லோ சுகர், ஹை சுகர் என்றே சொல்லிவிடுவேன்.

நோயாளிகள் பேசும் இங்கிலீஷும் தனி. "ஐ வாஸ் சிக் ட்வைஸ்" என்றால் இரண்டு தடவை உடம்பு சரியில்லாமல் போனது இல்லை, இரண்டு தடவை வாந்தி. நம் லூஸ் மோஷன் இங்கே பல பேருக்குப் புரியாது.

பள்ளத்தூர் வாத்தியார் எழுதியது:

கல்லூரியில் முப்பது வருடம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவன். அம்மா, உங்கள் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. வினைச்சொல்தான் இடறுகிறது, அதைத்தான் பிடிக்க வேண்டும். அதற்குத் தமிழே துணை செய்யும்.

"மூன்று நாளாக வலி" என்கிறோம், "திங்கட்கிழமையிலிருந்து வலி" என்கிறோம். 'ஆக' வரும் இடத்தில் ஃபார், 'இலிருந்து' வரும் இடத்தில் சின்ஸ். "சின்ஸ் த்ரீ டேஸ்" என்று எழுதவே கை வராது, ஒரு வாரம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். ஆனால் தமிழ் காலை வாரும் இடமும் உண்டு. "ஐந்தாம் தேதி அட்மிட் ஆகியிருக்கிறார்" என்பது தமிழில் சுத்தமான வாக்கியம். அதை அப்படியே கொண்டுபோய் 'ஹேஸ் பீன் அட்மிட்டட் ஆன்' என்று தேதியோடு எழுதினால் தப்பு. தேதி வந்துவிட்டால் 'வாஸ் அட்மிட்டட்' மட்டும்தான்.

'ஏ', 'தி' குழப்பத்துக்கும் இதே வழிதான். முதல் தடவை சொல்லும்போது "ஒரு புண்", மறுபடி சொல்லும்போது "அந்தப் புண்" என்று மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலான இடம் சரியாகிவிடும்.

உச்சரிப்பைப் பற்றி ஒன்று. வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் படிக்காதீர்கள். எங்கள் ஐயா பர்மாவில் மோல்மீனுக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்ய, போனவர். பர்மியச் சொற்களைத் தமிழில் குறித்து வைத்த அவருடைய நோட்டு இன்னும் பெட்டகத்தில் இருக்கிறது. அதைப் பார்த்து நாங்கள் படித்தால் ஒரு பர்மாக்காரருக்கும் விளங்காது, ஐயா பேசினால் விளங்கியது, ஏனென்றால் அவர் கடையில் உட்கார்ந்து காதால் கற்றவர், நோட்டு ஞாபகத்துக்கு மட்டும்தான். ஆகவே முதலில் கேளுங்கள், உடனே சொல்லுங்கள், உங்கள் குரலை போனில் பதிந்து திரும்பக் கேளுங்கள். தமிழில் எல்லா அசைக்கும் ஏறக்குறைய ஒரே எடை கொடுக்கிறோம், இங்கிலீஷில் ஒன்றை அழுத்தி மற்றதை விழுங்க வேண்டும். டயபீட்டிஸில் 'பீ' அழுந்தும், கேத்தட்டரில் 'கே' அழுந்தும். வார்த்தை முடிவில் உகரம் சேர்க்காதீர்கள், பெட்டு வேண்டாம், பெட் என்று நிறுத்துங்கள். வளவில், அதாவது வீட்டு முற்றத்தில், ஆள் இல்லாத நேரத்தில் சத்தமாகப் படித்துப் பாருங்கள், அந்த எதிரொலியில் உகரம் தனியாக நின்று கேட்கும்.

கல்லல் டாக்டர் எழுதியது:

வாத்தியாரையா சொன்னதோடு ஒன்று. டிஸ்பேஜியா என்றால் விழுங்குவதில் சிரமம், டிஸ்பேசியா என்றால் பேசுவதில் சிரமம். ஜ, ச இரண்டும் நம்மில் பலருக்கு ஒன்றாகவே வரும், பக்கவாத நோயாளிக்கோ இரண்டுமே இருக்கலாம். எனக்குச் சந்தேகம் வந்தால் "டிஃபிகல்ட்டி ஸ்வாலோயிங்" என்றே சொல்லிவிடுவேன், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

ரைட்டிங்கில் உங்களுக்குப் போனது இலக்கணம் மட்டும்தானா என்று பாருங்கள் தங்கச்சி. அதில் ஒரு நோயாளியின் கேஸ் நோட்ஸைக் கொடுத்துக் கடிதம் எழுதச் சொல்கிறார்கள், நோட்ஸில் இருப்பதை எல்லாம் அள்ளிப் போட்டால் மார்க் குறையும். கேட்பது 180 முதல் 200 வார்த்தை, எழுத 40 நிமிடம், படிக்க முன்னால் ஐந்து நிமிடம். கடிதத்தை வாங்குபவர் நாளைக்குக் காலையில் என்ன செய்ய வேண்டும் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும். பத்து வருடத்துக்கு முன் குடல்வால் ஆபரேஷன் ஆனது, வீட்டுக்கு வந்து கவனிக்கும் மாவட்ட நர்ஸுக்கு எதற்கு?

காரைக்குடி ஸ்டாஃப் எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. டாக்டர், நீங்கள் சொன்னபடி பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன், பாதி கடிதம் பழைய கதைதான், நோயாளியின் புண்ணுக்கு இரண்டு நாளைக்கு ஒரு தடவை டிரெஸ்ஸிங் மாற்ற வேண்டும் என்பது கடைசி வரியில் கிடக்கிறது. ஆச்சி, ஃபெயின்ட் நூறு தடவை சொல்லிவிட்டேன், அம்மா என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

இந்த வாரம் நைட் டூட்டி. மாதிரித் தேர்வு நோட்ஸ் ஒன்றை வைத்து, நம் ஆஸ்பத்திரி நோயாளி விவரம் எதுவும் இல்லாமல், புதுக் கடிதம் எழுதிச் சனிக்கிழமை இங்கே போடுகிறேன். வாத்தியாரையா, வினைச்சொற்களை மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா?

பள்ளத்தூர் வாத்தியார் எழுதியது:

போடுங்கள் அம்மா. கையால் எழுதி, போட்டோ எடுத்துப் போடுங்கள், அடித்தல் திருத்தல் இருந்தால் அப்படியே இருக்கட்டும், எங்கே தயங்கினீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.